குட்டியானைக்கு மரை போனால்

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை 1970இல் ஓடத் தொடங்கியது. அன்றுமுதல் அந்தச் சாலைகளில் மூட்டை சுமந்த லாரிகள் பெரும்பாலும் டீசல் வண்டிகள்தாம். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கும்போது எழும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். அதனால் ‘பிளக் மரை போச்சு’ என்பது பைக்குக்கும் காருக்கும் உரிய தலைவலியாகவே இருந்தது. இப்போது அப்படியில்லை. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, ராஜபாளையம் நூல் போன்ற சரக்கை ஏற்றத் தோதான, குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டிகள் பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் வருகின்றன. 2005இல் டீசலோடு அறிமுகமான டாட்டா ஏஸ், 2020இல் பிஎஸ்-6 விதி வந்ததையொட்டிப் பெட்ரோலிலும் விற்பனைக்கு வந்தது. இயற்கை எரிவாயு தானாகப் பற்ற ஏறக்குறைய 540 டிகிரி சூடு வேண்டும். டீசலுக்கு அதில் பாதியே போதும். ஆகவே எரிவாயுவில் மட்டும் ஓடும் லாரி எத்தனை பெரிதானாலும் அதன் சிலிண்டர் ஹெட்டில் பிளக் இருந்தே ஆக வேண்டும்.

குட்டியானை போன்ற சிறு வண்டிகளில் அந்த ஹெட் பெரும்பாலும் அலுமினியம். பிளக்கின் உடலோ இரும்பு. மென்மையான மரைக்குள் கடினமான மரை ஏறி இறங்கும்போது தேய்வது எது என்று சொல்ல வேண்டியதில்லை. மரை போனதும், “புஷ் போட்டா நிக்காது, ஹெட்டை மாத்திருங்க” என்ற அறிவுரை வந்துவிடும். இந்த அவநம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. தேய்ந்த துளையைப் பெரிதாக்கிப் புது மரையோடு இறக்கும் உலோக உறைதான் புஷ்; சரியாகப் போட்டால் அது ஒட்டுவேலை அல்ல. பழைய அலுமினிய மரையைவிடப் பல வேளைகளில் அது உறுதியானது. மரையைக் கெடுப்பது எது என்பது கொஞ்சம் கணக்குப் போட்டால் விளங்கும். பெட்ரோல் எஞ்சினுக்குள் வெடிக்கும்போது எழும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 14 மில்லிமீட்டர் பிளக்கின் பரப்பு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். அப்படியானால் பிளக்கை வெளியே தள்ளும் விசை சுமார் 90 கிலோ. அதே பிளக்கை 25 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால், மரை தாங்கும் இழுவை 900 கிலோவை நெருங்கும். வெடிப்பைப் போலப் பத்து மடங்கு சுமையை ஸ்பேனர்தான் ஏற்றுகிறது. நீளக் கைப்பிடி போட்டு இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் என்ன ஆகும்?

இறுக்கம் குறைந்தாலும் வம்புதான். தளர்ந்த பிளக்கை ஒவ்வொரு வெடிப்பும் சுத்தியலாய் அடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் அது நிமிடத்துக்கு 1500 அடி. பலர் கவனிக்காத இன்னொரு காரணம் பிளக்கின் நீளம். 19 மில்லிமீட்டர் மரை வேண்டிய இடத்தில் குட்டைப் பிளக்கைப் போட்டு ஓட்டினால், வெறுமையாய்க் கிடக்கும் கீழ் மரையில் கரி படியும். பிறகு சரியான பிளக்கைத் திருகும்போது அது அந்தக் கரியில் மோதி மரையைக் கிழிக்கும். இருக்கைக்கு அடியில், கை நுழையாத இடுக்கில் எஞ்சின் இருக்கும் வண்டியில் கோணலாக ஏற்றுவதும் எளிது. அதைத் தவிர்க்க, பிளக்கின் பீங்கான் முனையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகித் திருகினால் போதும். கோணினால் குழாய் வழுக்கிவிடும், மரை தப்பிக்கும். காசு செலவில்லாத கருவி!

புஷ் கழன்று வரும் என்பது முதல் ஆட்சேபம். கழல்வது உண்டு, கம்பிச் சுருளான ஹெலிகாயில் சில சமயம் பிளக்கோடு சேர்ந்தே வெளியே வரும். விளிம்பு வைத்த கெட்டிப் புஷ்ஷை, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, சூடு தாங்கும் பசையிட்டு இறக்கினால் அந்த அச்சம் பெரிதும் நீங்கும். புஷ்ஷுக்காக மரை வெட்டும் டேப் போடும்போது சீவல் சிலிண்டருக்குள் விழும் என்பது இன்னும் நியாயமான கவலை. டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, அரைச் சுற்றுக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துடைப்பது அதனால்தான். புஷ்ஷின் நீளமும் முக்கியம்: முனை அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அது கனன்று, பொறி வருமுன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். ஆக, தவறுவது புஷ்ஷால் அல்ல, அவசரத்தால். 1990களின் இறுதியில் வந்த சில ஃபோர்டு வி-8 எஞ்சின்களில் பிளக்கைப் பிடிக்க நாலைந்து மரைச் சுற்றே இருந்தது. ஓடும்போதே பிளக்குகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. முதலில் ஹெட்டையே மாற்றச் சொன்ன அந்த நிறுவனம், பிற்பாடு புஷ் போடும் முறை ஒன்றைத் தானே ஏற்றுக்கொண்டது.

இதற்காக எல்லா ஹெட்டையும் காப்பாற்றிவிடலாம் என்பதில்லை. துளையிலிருந்து வால்வு இருக்கைவரை விரிசல் ஓடியிருந்தாலோ, ஒருமுறை கோணலாகத் துளைத்து உலோகம் மெலிந்திருந்தாலோ மாற்றுவதே சரி. மற்றபடி, வண்டிக்காரர் பட்டறையில் கேட்க வேண்டியது “நிக்குமா?” என்றல்ல, எந்த வகைப் புஷ், டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று. எந்த சிலிண்டரில் போட்டது என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். அடுத்த முறை பிளக் கழற்றுகிறவர் வேறு ஆளாக இருக்கக்கூடும்.