ஷர்லி அம்மையாரும் அவர் நிறுவிய மென்பொருள் ஸ்தாபனமும்

பெருஞ்செல்வம் ஈட்டினோரின் வரலாறுகளைப் படிக்குங்கால், அவர்கள் எத்துணைப் பொருள் சேர்த்தார்கள் என்பதையே நாம் முதற்கண் நோக்குகின்றோம். அப்பொருளை எவ்வழியில் ஈட்டினர், யாரோடு பகிர்ந்து கொண்டனர், எதன்பொருட்டுச் செலவிட்டனர் என்னும் வினாக்கள் பின்னரே எழுகின்றன. சிலபோது எழாமலே போகின்றன. கணிப்பொறித் தொழிலால் செல்வரானோர் பலருளர். அவருள் இம்மூன்று வினாக்களுக்கும் ஒருங்கே நல்விடை தரத்தக்க வரலாறு உடையவர், இங்கிலாந்தில் வாழ்ந்து, 2025-ஆம் ஆண்டில் தமது 91-ஆம் வயதில் காலஞ்சென்ற ஸ்டெபனி ஷர்லி அம்மையார். அவர்தம் வரலாற்றைச் சுருங்க எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

இவ்வம்மையார் 1933-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜெர்மனி தேசத்து டார்ட்மண்ட் நகரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேரா புக்தால் என்பது. தந்தையார் யூத குலத்தவர்; நீதிபதியாய் விளங்கியவர். தாயார் வியன்னா நகரத்தவர், யூதரல்லர். குழந்தை பிறந்த அவ்வாண்டிலேயே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தமையால், யூதராயினார் அரசாங்க உத்தியோகங்களினின்றும் நீக்கப்படலாயினர். தந்தையாரும் பதவி இழந்தார். குடும்பத்தார் ஐரோப்பாவில் இடம்விட்டு இடம் பெயர்ந்து, முடிவில் வியன்னாவைச் சேர்ந்தனர். ஆனால் 1938-இல் ஆஸ்திரியாவும் ஹிட்லர் வசமாயிற்று.

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் யூதர்மீது நிகழ்ந்த பெருங்கொடுமைகளைக் கேட்ட இங்கிலாந்து அரசாங்கத்தார், பெற்றோரின்றித் தனியே வரும் குழந்தைகளைத் தம் நாட்டில் ஏற்க இசைந்தனர். 1938 டிசம்பர் முதல் உலகப்போர் தொடங்கும் வரையில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இவ்வாறு காப்பாற்றப்பட்டனர். 1939 ஜூலையில் புறப்பட்டதொரு புகைவண்டியில் ஐந்து வயதுச் சிறுமியான வேராவும், ஒன்பது வயதுடைய தமக்கையும் ஏற்றப்பட்டனர். பிள்ளைகளை மீண்டும் காண்போமோ என்பதைப் பெற்றோர் அறியார். தாம் செல்லும் நாட்டின் மொழியைப் பிள்ளைகள் அறியார். இரண்டரை நாட்பிரயாணத்தின் பின் அவ்வண்டி லண்டன் மாநகரை அடைந்தது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வாழ்ந்த ஸ்மித் என்னும் தம்பதியர் அவ்விரு சிறுமியரையும் ஏற்று வளர்த்தனர். பெற்றோர் இருவரும் பின்னர் உயிர் தப்பியவராயினும், பிரிவால் அறுந்த பழைய பாசம் முன்போல் மீளவில்லை.

அறிமுகமில்லாத மக்களின் இரக்கத்தால் தாம் பிழைத்ததை அம்மையார் ஒருநாளும் மறந்தாரல்லர். காப்பாற்றப்பட்ட தம் வாழ்வு காப்பாற்றத் தக்கதாய் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணமே தம்மை இறுதிவரை நடத்தியதெனப் பின்னாளில் அவர் பலகாற் கூறியுள்ளார்.

கல்வியும் உத்தியோகமும்

கணிதத்தில் இச்சிறுமிக்கு இருந்த ஆர்வம் பெரிது. ஆனால் அவர் பயின்ற ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊரின் பெண்கள் பாடசாலையில் உயர்கணிதம் கற்பிப்பாரில்லை. அருகிலிருந்த ஆண்கள் பாடசாலைக்குச் சென்று அப்பாடத்தைக் கற்க விசேஷ அனுமதி பெற்றே அவர் தம் விருப்பத்தை நிறைவேற்றிக் கொண்டார். 18-ஆம் வயதில் பிரிட்டிஷ் பிரஜையாகித் தம் பெயரையும் மாற்றிக் கொண்டார். சர்வகலாசாலையிற் சேர்ந்து படியாமல், லண்டனின் டாலிஸ் ஹில் என்னுமிடத்திலிருந்த தபால் இலாகாவின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கமர்ந்தார். உலகப்போர்க்காலத்தில் பகைவரின் இரகசியச் செய்திகளை வெளிப்படுத்த உதவிய கொலாசஸ் என்னும் மின்னணுப் பொறி அந்நிலையத்திலேதான் செய்யப்பட்டது. அவ்விடத்தில் கணிப்பொறிகளை ஆக்குதற்கும், அவற்றிற்குரிய கட்டளைகளை எழுதுதற்கும் இவ்வம்மையார் பயின்றார். பகலெல்லாம் உத்தியோகம் பார்த்து, ஆறு ஆண்டுகள் மாலை வகுப்புகளிற் படித்து, 1956-இல் கணிதப் பட்டம் பெற்றார்.

பெண்ணொருத்தி ஒரு படிக்கு மேல் உயர்தல் அக்காலத்து அலுவலகங்களில் அரிதாயிருந்தது. பதவி உயர்வுக்குத் தகுதி தடையாகவில்லை. பெண் என்பதே தடையாயிற்று. 1959-இல் அவர் டெரெக் ஷர்லி என்னும் பௌதிக அறிஞரை மணந்தார். அவ்வாண்டே கணிப்பொறி அமைக்கும் கம்பெனியொன்றிற்கு மாறினார். ஆங்கும் தடை நீங்காமை கண்டு, தாமே ஒரு தொழில் நடத்தத் துணிந்தார்.

ஆறு பவுன் மூலதனம்

1962-ஆம் ஆண்டில், தம் வீட்டு உணவு மேஜையையே காரியாலயமாகக் கொண்டு, 6 பவுன் மூலதனத்துடன் "பிரீலான்ஸ் புரோகிராமர்ஸ்" என்னும் ஸ்தாபனத்தை அவர் தொடங்கினார். இத்துணிவின் அருமையை உணர வேண்டுமாயின், அக்காலத்து நிலையைச் சிறிது அறிதல் வேண்டும்.

கணிப்பொறி என்பது தானே சிந்திக்கும் பொருளன்று. இன்னதை எடு, இன்னதோடு கூட்டு, பூச்சியமாயின் இவ்வழிச் செல், இன்றேல் அவ்வழிச் செல் என்று ஒவ்வோர் அடியையும் மனிதனே முன்கூட்டி எழுதித் தருதல் வேண்டும். இக்கட்டளைத் தொகுதியே மென்பொருள் எனப்படுவது. அந்நாளில் கணிப்பொறிகள் ஓர் அறை முழுவதையும் அடைக்கும் பெரும்பொறிகள். அவற்றை வாங்கினோர்க்கு மென்பொருளை விலையின்றியே உடன் தருவது உற்பத்தியாளரின் வழக்கம். ஐ.பி.எம். என்னும் பெருங்கம்பெனி பொறிக்கும் மென்பொருளுக்கும் தனித்தனி விலை கூறப்போவதாக அறிவித்தது 1969-இல் தான். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே, இலவசமாய்க் கிடைப்பதொன்றை விலைக்கு விற்க ஒருவர், அதிலும் ஒரு பெண், முற்பட்டபோது பலர் நகைத்தனர்.

தொழில் நடந்த முறை

கல்வியும் பயிற்சியும் பெற்ற மாதர் பலர், மணமானதும் அல்லது மகப்பேறு வாய்த்ததும் உத்தியோகத்தை விட்டு வீட்டிலிருந்தனர். அவர்களுடைய அறிவு வீணாவதை அம்மையார் கண்டார். கட்டளை எழுதுதற்குக் கணிப்பொறி அருகிலிருக்க வேண்டுவதில்லை. காகிதமும் பென்சிலும் போதும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்து நோக்கியதே அவர்தம் வெற்றியின் வித்து.

பெண்கள் தத்தம் இல்லங்களிலிருந்தவாறே, செய்யவேண்டிய காரியத்தைப் படிப்படியாகப் பகுத்து வரைபடம் இடுவர்; பின்னர் அதனைப் பொறியின் குறிகளாக எழுதுவர். எழுதிய தாள்கள் தபால் மூலம் கணிப்பொறி நிலையத்திற்குச் செல்லும். ஆங்கு அவை அட்டைகளிலோ காகித நாடாவிலோ துளைகளாகப் பதிக்கப்பெறும். பிழை நேராதிருக்க மீண்டுமொருமுறை பதித்து ஒத்துப் பார்க்கப்பெறும். அதன் பின்னரே அவை பொறியினுட் செல்லும். தொலைபேசியொன்றே பணியாளரை இணைத்த கருவி. ஆதலின் வேலைக்கு விண்ணப்பிப்போரை, "உமக்குத் தொலைபேசி வசதி உண்டோ?" என்று கேட்பதும் வழக்கமாயிற்று. மேற்பார்வையாளர் ஒருவர் அருகில் நின்று காணாத விடத்தும் பணி ஒழுங்காக நடைபெற்றது. பணியாளரிடத்து வைத்த நம்பிக்கையும், வேலையை அளந்தறிய வகுத்த விதிகளுமே அதற்குக் காரணம். மென்பொருட் பணியை நிர்வகிக்க இவர்கள் வகுத்த விதிகள் பிற்காலத்தில் நேட்டோ என்னும் பன்னாட்டுப் படையுடன்படிக்கை ஸ்தாபனத்தாலும் ஏற்கப்பட்டன.

தொடக்கத்தில் வேலை கேட்டு அம்மையார் விடுத்த கடிதங்களுக்கு மறுமொழி வந்திலது. கணவரின் யோசனைப்படி, ஸ்டெபனி என்னும் பெண்பெயரை விடுத்து, ஆண்பெயர்போல் ஒலிக்கும் "ஸ்டீவ்" என்று கையொப்பமிட்டார். அதே கடிதத்திற்கு இப்போது மறுமொழிகள் வந்தன! வரவேற்க எழுந்தவர்கள், வந்தவர் பெண்ணென்று உணருமுன்னரே அவர் உள்ளே நுழைந்துவிடுவார். வீட்டிலிருந்து தொலைபேசியிற் பேசும்போது குழந்தையின் ஒலி கேளாதிருக்க, தட்டச்சுப் பொறியின் ஓசையை ஒலிநாடாவிற் பதிந்து பின்னணியில் ஒலிக்கச் செய்வதும் அவர் கையாண்ட உபாயங்களுள் ஒன்று. ஒலியினும் கடுகிப் பறந்த கன்கார்டு விமானத்தின் நிகழ்ச்சிப் பதிவுப்பெட்டிக்குரிய மென்பொருளை இங்ஙனம் வீட்டிலிருந்த பெண்களே எழுதினர் என்றால், அவர்தம் ஆற்றலை வேறு கூற வேண்டுமோ?

முதல் 300 பணியாளருள் ஆடவர் மூவரே. ஆணென்றும் பெண்ணென்றும் வேற்றுமை காட்டி வேலை தருதலைத் தடுக்கும் சட்டம் 1975-இல் இங்கிலாந்தில் நிறைவேறிற்று. பெண்களின் நலங்கருதி எழுந்த அச்சட்டத்தால், பெண்களுக்கென்றே அமைந்த இந்த ஸ்தாபனம் தன் வழக்கத்தை மாற்றி ஆடவரையும் சமமாக ஏற்க நேர்ந்தமை வியப்பிற்குரியது.

துன்பமும் ஈகையும்

1963-இல் அம்மையாருக்கு ஜைல்ஸ் என்னும் ஒரே மகன் பிறந்தான். நன்கு வளர்ந்து பேசத் தொடங்கிய குழந்தை, மூன்று வயது நிரம்புமுன்னரே பேச்சை இழந்தது. ஆட்டிசம் எனப்படும் குறைபாடு அக்குழந்தையைக் கடுமையாகப் பற்றியிருந்தது. பகலில் தொழிலும் இரவில் மகனுமாக ஆண்டுகள் கழிந்தன. மகன் வளர்ந்து பல ஆண்டுகள் மருத்துவமனையில் வாழ நேர்ந்தது. அந்நிலை கண்டு பொறாத தாயார், அத்தகையோர் இல்லம் போன்ற சூழலில் வாழ்தற்கு ஓர் அறநிலையம் அமைத்தார். அதில் முதற்கண் குடியேறியவன் ஜைல்ஸே. 1998-இல், 35-ஆம் வயதில், அவன் உயிர் துறந்தான்.

அம்மையார் தம் ஸ்தாபனத்தின் கால்பங்கு அளவைத் தம் சொந்த உடைமையிலிருந்தே பணியாளர்க்கு உரிமையாக்கினார். 1993-இல் தொழிலினின்றும் ஓய்வு பெற்றார். 1996-இல் அதன் பங்குகள் லண்டன் சந்தையில் விற்பனைக்கு வந்தன. பணியாளருள் 70 பேர் பத்து லட்சம் பவுனுக்கு மேற்பட்ட செல்வமுடையோர் ஆயினர். எஃப். ஐ. குரூப் எனவும், பின்னர் ஸான்சா எனவும் பெயர் பூண்ட அந்த ஸ்தாபனம் 2007-இல் ஸ்டீரியா என்னும் பிரெஞ்சுக் கம்பெனியோடு சேர்ந்தது.

தமக்கு வந்த செல்வத்தில் 6 கோடியே 70 லட்சம் பவுனுக்குக் குறையாத தொகையை அவர் அறத்திற்கு வழங்கினார். ஆட்டிசம் உடைய பிள்ளைகளுக்கான பிரையர்ஸ் கோர்ட் பாடசாலை 1999-இல் தொடங்கிற்று. இணையத்தால் சமூகத்தில் விளையும் மாறுதல்களை ஆராயும் நிலையமொன்று 2001-இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் அவர்தம் கொடையால் எழுந்தது. அரசாங்கத்தார் அவருக்கு 2000-இல் டேம் என்னும் பட்டத்தையும், 2017-இல் கம்பானியன் ஆப் ஆனர் என்னும் உயர்விருதையும் அளித்தனர்.

முடிவுரை

இவ்வரலாற்றை அம்மையாரின் தனித்திறமைக்குச் சான்றாக மட்டும் கொள்ளுதல் குறையுடைத்தாகும். முன்பின் அறியாத குழந்தையை ஏற்ற ஒரு குடும்பம், அவரை அனுமதித்த ஒரு பாடசாலை, வேலை முடித்து வந்தோர்க்கும் கதவு திறந்து வைத்த மாலை வகுப்பு ஆகிய இவை இல்லையாயின், அத்திறமை முளைத்திராது. வீட்டில் முடங்கிய பெண்களுக்கு அவர் செய்ததும் இத்தகைய உதவியே. தாம் பெற்ற வாய்ப்பை அவர் பிறருக்கும் உரியதாக்கினார். அவ்வாறு ஆக்கியதனாலேயே அவர்தம் தொழிலும் வளர்ந்தது. அறமும் இலாபமும் ஒன்றுக்கொன்று பகையென்று எண்ணுவோர்க்கு இஃது ஏற்ற விடையாகும்.

கலாசாலையை விட்டு உலகிற்குச் செல்லும் மாணவ மாணவியர் பலர் தொழில் தொடங்க அவாவுகின்றனர். எங்கே மூலதனம் கிடைக்கும் என்று தேடுமுன், நம்மைச் சூழ எவருடைய அறிவு பயன்படாது கிடக்கின்றது என்று நோக்குவாராயின், 6 பவுனும் போதுமானதாகலாம்.