சுழல் துப்பாக்கியில் உயரழுத்தத் தோட்டா

சுழல் துப்பாக்கி (ரிவால்வர்) ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வகைத் தோட்டா உண்டாக்கும் அழுத்தத்தைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகிறது. உருளையைச் செதுக்கியோ அறையைக் குடைந்தோ மாற்றியமைக்கப்பட்ட சுழல் துப்பாக்கியில், அவ்வரம்பை மீறிய தோட்டாவை இட்டுச் சுட்டால் உருளை பிளந்து, சுடுபவரும் அருகில் நிற்பவரும் காயமடையவோ உயிரிழக்கவோ நேரிடும். பிரித்தானிய வெப்ளி சுழல் துப்பாக்கி இதற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். இந்தியாவில் .32 என்ற ஒரே அளவுப் பெயரைக் கொண்ட இருவகைத் தோட்டாக்களால் இதையொத்த ஆபத்து, எந்த மாற்றமும் செய்யப்படாத துப்பாக்கியிலும் ஏற்படுகிறது.

அழுத்தமும் உருளையும்

தோட்டாவின் அடியிலுள்ள தொப்பி அடிக்கப்பட்டதும் வெடிமருந்து எரிந்து வளிமமாகிறது. இவ்வளிமம் குண்டை முன்னோக்கித் தள்ளுவதோடு அறையின் சுவரை வெளிப்புறமாகவும், உறையின் அடிப்பகுதியைப் பின்புறமாகவும் அதே அழுத்தத்துடன் தள்ளுகிறது. பித்தளை உறை வளிமம் கசியாமல் அடைக்க மட்டுமே உதவும். சுமையைத் தாங்குவது எஃகு உருளையே.

சுழல் துப்பாக்கியின் உருளையில் பெரும்பாலும் ஆறு அறைகள் வட்டமாக அமைந்துள்ளன. அடுத்தடுத்த அறைகளுக்கு இடையிலும், அறைக்கும் உருளையின் வெளிப்பரப்புக்கும் இடையிலும் உள்ள எஃகு மெல்லியது. உருளையை உரிய இடத்தில் நிறுத்துவதற்கான பூட்டுக்குழிகள் வெளிப்பரப்பில் வெட்டப்பட்டிருக்கும். ஆறு அறை கொண்ட பல துப்பாக்கிகளில் இக்குழி அறையின் நேர்மேலேயே அமைவதால், அவ்விடத்தில் சுவர் மேலும் மெலிகிறது. பிளவு தொடங்குவதற்கு ஏற்ற இடம் இதுவே.

கரும் வெடிமருந்துக் காலத்தில் இவ்வளவு நெருக்கடி இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகையற்ற வெடிமருந்து பரவியபோதுதான் பழைய உருளைகளின் வலிமை கேள்விக்குள்ளானது. வெப்ளியின் மார்க் 5 வகை 1913இல் ஏற்கப்பட்டபோது, புதிய வெடிமருந்தைக் கருதி அதன் உருளை முந்தைய வகையைவிட 0.12 அங்குலம் (ஏறத்தாழ 3 மி.மீ.) பருமனாக்கப்பட்டது. தயாரிப்பாளரே எஃகைக் கூட்டிய இடத்தில் பிற்காலத்தவர் எஃகைக் குறைத்ததை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செதுக்கப்பட்ட வெப்ளி

வெப்ளி மார்க் 6 வகை 1915இல் பிரித்தானியப் படையில் ஏற்கப்பட்டது. இது .455 அளவுத் தோட்டாவுக்கு உரியது. கனமான குண்டை மெதுவாகச் செலுத்தும் இத்தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 13,000 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 910 கிலோகிராம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியான வெப்ளிகள் அமெரிக்காவில் பெருமளவில் விற்கப்பட்டன. அங்கே .455 தோட்டா அரிது, .45 ஏசிபி தோட்டாவோ எங்கும் கிடைத்தது. ஆகவே உருளையின் பின்புறம் செதுக்கப்பட்டு, பிறை வடிவக் கவ்விகளின் உதவியுடன் .45 ஏசிபி தோட்டா பொருந்துமாறு மாற்றப்பட்டது.

.45 ஏசிபி தானியங்கிக் கைத்துப்பாக்கிக்காக உருவானது. அதன் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 21,000 பவுண்டு (ஏறத்தாழ 1,480 கிலோகிராம்). கைத்துப்பாக்கிகளின் சோதனைச் சூட்டில் வழக்கமான உச்ச அளவைவிடச் சுமார் 30 விழுக்காடு மிகுந்த அழுத்தம் தரப்படும் எனக் கொண்டால், .455 துப்பாக்கிக்கு அது 16,900 பவுண்டுதான். சோதனைச் சாலையில் ஓரிரு முறை மட்டும் தரப்படும் அழுத்தத்தையும் மிஞ்சிய சுமை, மாற்றப்பட்ட துப்பாக்கியின் ஒவ்வொரு சூட்டிலும் ஏற்படக்கூடும் என்பது இதன் பொருள். வெப்ளி கீலில் மடிந்து திறக்கும் வகையைச் சேர்ந்தது. குழலையும் சட்டகத்தையும் இணைக்கும் மேல்தாழும் அதே சுமையை ஏற்க வேண்டியிருப்பதால், காலப்போக்கில் கீலும் தாழும் தளர்ந்துவிடுகின்றன.

புதுச்சேரியும் பெயர்க் குழப்பமும்

தமிழ் வழக்கில் சுழல் துப்பாக்கியும் தானியங்கிக் கைத்துப்பாக்கியும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதுண்டு. 1911 சூன் 17 அன்று மணியாச்சி தொடருந்து நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் கொல்லப்பட்ட நிகழ்வு இதற்குச் சான்று. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வ. வே. சு. ஐயர் வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி அளித்தார் எனக் கூறப்படுகிறது. வாஞ்சிநாதன் கையாண்டது பெல்சியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. ஆயினும் பேச்சில் அது ‘ரிவால்வர்’ ஆகிவிடுகிறது.

அக்காலத்தில் பிரெஞ்சுப் படையின் சுழல் துப்பாக்கி 1892ஆம் ஆண்டு மாதிரியாகும். இது 8 மி.மீ. அளவுடையது. அதற்கு முந்தைய 1873ஆம் ஆண்டு மாதிரி 11 மி.மீ. கரும் வெடிமருந்துத் தோட்டாவுக்கு உரியது. இவ்விரண்டும் தாழ்ந்த அழுத்தத்திற்கு அமைந்தவை.

வரலாற்று நூலில் இக்குழப்பம் ஒரு சொற்பிழை மட்டுமே. தோட்டாவைத் தேர்ந்தெடுக்கையில் அது விபத்தாக முடியலாம். சுழல் துப்பாக்கித் தோட்டாவின் உறைக்கு அகன்ற விளிம்பு உண்டு, அவ்விளிம்பே அதை அறையில் நிலைநிறுத்துகிறது. தானியங்கி வகைத் தோட்டாவில் விளிம்பு குறுகியது அல்லது வெளியே நீட்டாதது. அழுத்தமும் பெரும்பாலும் கூடுதல்.

இந்தியாவில் .32

இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கென .32 அளவில் இருவகை ஆயுதங்களைத் தயாரித்துள்ளன. கான்பூரில் உருவாகும் சுழல் துப்பாக்கி .32 சுமித் அண்டு வெசன் லாங் தோட்டாவுக்கு உரியது. 2014இல் வெளியான ‘நிர்பீக்’ இவ்வகையே. ‘அசனி’ கைத்துப்பாக்கியோ .32 ஏசிபி தோட்டாவைப் பயன்படுத்துகிறது.

இரு தோட்டாக்களின் உறைகளும் ஏறத்தாழ ஒரே பருமன் கொண்டவை. எனவே குட்டையான ஏசிபி தோட்டா பல .32 சுழல் துப்பாக்கிகளின் அறையில் எளிதாக நுழையும், சுடவும் கூடும். ஆனால் முன்னதன் உச்ச அழுத்தம் 15,000 பவுண்டு (ஏறத்தாழ 1,050 கிலோகிராம்), பின்னதன் உச்ச அழுத்தம் 20,500 பவுண்டு (ஏறத்தாழ 1,440 கிலோகிராம்). மேற்கூறிய 30 விழுக்காட்டுக் கணக்கில் சோதனை அழுத்தம் 19,500 பவுண்டு மட்டுமே. அதோடு ஏசிபி உறையின் குறுகிய விளிம்பு சரிவரப் பிடிக்காமல் பின்னோக்கி நகரலாம். அப்போது உறை கிழிந்து, சூடான வளிமம் சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும்.

தவறான தோட்டா நுழையாமலிருக்க வடிவமைப்பாளர்கள் நீளத்தையே தடையாகப் பயன்படுத்தியதும் உண்டு. 1935இல் அறிமுகமான .357 மேக்னத்தின் உறை .38 சுபெசலைவிட 3 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக நீட்டப்பட்டது. 35,000 பவுண்டு அழுத்தமுடைய அத்தோட்டா 17,000 பவுண்டுக்கு அமைந்த அறையில் முழுமையாக இறங்காது. அறையை ஆழமாகக் குடைபவர் நீக்குவது இந்தத் தடையைத்தான்.

சேதம்

உருளை வெடிக்கும்போது பொதுவாகச் சுடப்பட்ட அறையின் வெளிச்சுவர் பெயர்ந்து, இருபுறத்து அறைகளும் திறந்துகொள்கின்றன. சட்டகத்தின் மேற்பட்டை வளைந்தோ முறிந்தோ போகும். எஃகுத் துண்டுகள் மேலும் பக்கவாட்டிலும் சிதறும். பிடியைப் பற்றிய கை தப்பினாலும் கண்ணும், உருளையை அண்டிய விரல்களும், பக்கத்தில் நிற்பவரும் ஆபத்துக்குள்ளாவர்.

‘ஐம்பது முறை சுட்டும் ஒன்றும் ஆகவில்லை’ என்ற வாதத்திற்கு மதிப்பில்லை. வரம்பு மீறிய ஒவ்வொரு சுமையும் எஃகில் கண்ணுக்குத் தெரியாத நுண்பிளவுகளை வளர்க்கலாம். உலோகக் களைப்பு எனப்படும் இதன் இறுதிக் கட்டம் முன்னறிவிப்பின்றி நிகழ்வது. சில வேளைகளில் வெற்றுறை வெளிவர மறுத்தல், தொப்பி தட்டையாதல், உருளை ஆட்டம் காணல் ஆகியவை முன்னதாகத் தென்படும்.

சோதனை முத்திரையும் சட்டமும்

துப்பாக்கியின் வலிமையைச் சோதித்து முத்திரை இடும் வழக்கம் ஐரோப்பாவில் பழமையானது. பர்மிங்காம் நகரின் சோதனைச் சாலை 1813இல் நிறுவப்பட்டது. முத்திரை சோதிக்கப்பட்ட வடிவத்திற்கு மட்டுமே பொருந்தும். உருளை செதுக்கப்பட்ட பின் மறுசோதனை இன்றிப் பழைய முத்திரையை நம்ப இயலாது.

புதுச்சேரி உட்பட இந்தியா முழுவதும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நடைமுறையிலுள்ளது. துப்பாக்கியை உரிமமின்றித் தயாரித்தல், மாற்றியமைத்தல், பழுதுபார்த்தல், சோதித்தல் ஆகியவற்றை அதன் 5ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இப்பிரிவை மீறுவோருக்கு ஏழு ஆண்டுகளுக்குக் குறையாத சிறையும், வாழ்நாள் சிறை வரையிலான தண்டனையும் விதிக்கப்படலாம். உரிமம் காலாவதியானதாலோ வேறு காரணத்தாலோ ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாததாகிவிட்டால், அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க 21ஆம் பிரிவு வழிசெய்கிறது.