வாசிங்டன் மாநிலப் பட்டயப் பள்ளிச் சட்டம்

வாசிங்டன் மாநிலப் பட்டயப் பள்ளிச் சட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் பட்டயப் பள்ளிகளின் நிதியையும் கண்காணிப்பையும் வரையறுக்கும் சட்டமாகும். சார்ட்டர் பள்ளி எனவும் வழங்கும் பட்டயப் பள்ளி, அரசு நிதியில் கட்டணமின்றி இயங்குவது. ஒப்பந்த அடிப்படையில் தனி நிருவாகக் குழுவால் நடத்தப்படுவது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய முதற் சட்டம் 1991 இல் மினசோட்டாவில் இயற்றப்பட்டது. வாசிங்டன் வாக்காளர்கள் 1996, 2000, 2004 ஆகிய ஆண்டுகளில் இத்திட்டத்தை நிராகரித்தனர். 2012 நவம்பரில் 1240 ஆம் இலக்க முன்மொழிவு சிறிய வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. ஐந்து ஆண்டுகளில் 40 பள்ளிகள் வரை தொடங்க அது இடமளித்தது.

நிதிச் சிக்கல்

2015 செப்டம்பர் 4 இல் மாநில உச்ச நீதிமன்றம் இச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. பொதுப் பள்ளி என்பது வாக்காளர்களின் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும் என்னும் 1909 ஆம் ஆண்டுத் தீர்ப்பை அது அடிப்படையாகக் கொண்டது. பட்டயப் பள்ளிகளை நடத்தும் குழுக்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. எனவே, பொதுப் பள்ளிகளுக்குரிய நிதியை அவற்றுக்கு வழங்கலாகாது என்பது தீர்ப்பின் சாரமாகும். கல்வியாண்டு தொடங்கிய வேளையில் வந்த இத்தீர்ப்பால் அப்பள்ளிகளின் மாணவர் நிலை கேள்விக்குள்ளானது.

2016 இல் சட்டமன்றம் லாட்டரி வருவாய் சேரும் தனிக் கணக்கிலிருந்து நிதி வழங்கப் புதிய சட்டம் இயற்றியது. ஆளுநர் ஜே இன்சிலீ கையொப்பமிடாமலே அது நடைமுறைக்கு வந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதன் முதன்மைக் கூறுகளை ஏற்றுக்கொண்டது.

கண்காணிப்பு

மாநிலப் பட்டயப் பள்ளி ஆணையம் அல்லது அனுமதி பெற்ற மாவட்டக் கல்விக் குழு ஒப்பந்தம் வழங்கும். ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகள் ஆகும். கல்வித் தரம், நிதி நிருவாகம் ஆகியவற்றை ஆய்ந்த பின்னரே ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். குறைபாடு பெரிதாயின் நீக்கப்படும்.