உள்ளக நீர்ப்பூங்காக்கள்: விருந்தினரின் களிப்பும் பணியாளரின் சுவாசமும்

ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் வாழும் குடும்பங்களுக்கு நவம்பர் தொடக்கம் மார்ச் வரையான காலம் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் காலமாகும். வெளியே வெண்பனி குவிந்து கிடக்கையில், பாரிய கூரையொன்றின் கீழ் ஏறத்தாழ 29 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பிள்ளைகள் நீர்ச்சறுக்குகளில் வழுக்கி விளையாட வழிசெய்துள்ள உள்ளக நீர்ப்பூங்கா விடுதிகள் அங்கு பெருவரவேற்பைப் பெற்றிருப்பதில் வியப்பில்லை. ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் எம்மவர்களுக்கும் இவ்விடுதிகள் எட்டாதவையல்ல. 2006 ஆம் ஆண்டில் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் திறக்கப்பட்ட கிரேட் வுல்ஃப் லொட்ஜ் விடுதி, ரொறன்ரோவில் இருந்து இரண்டு மணிநேரத்துக்கும் குறைந்த பயணத் தூரத்திலேயே அமைந்துள்ளது.

இத்தகைய விடுதிகள் குறித்து எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை சறுக்குகளின் உயரத்தையும் அறைகளின் வாடகையையும் உணவின் விலையையும் பற்றியனவாகவே உள்ளன. அதே கூரையின் கீழ் நாள்தோறும் எட்டு மணிநேரம் நின்று பணிபுரிவோர் பற்றிய பேச்சு அரிதாகவே எழுகின்றது. ஆனால், அங்கு விளையாட வருவோரும் வேலைக்கு வருவோரும் சுவாசிப்பது ஒரே காற்றையே என்பதால், ஒரு சாராரின் நலனை மற்றைய சாராரின் நலனிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. இவ்விரண்டையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உள்ளக நீர் விளையாட்டு இடங்கள் உலகுக்குப் புதியவையல்ல. கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள பாரிய வணிக வளாகத்தினுள் 1986 ஆம் ஆண்டிலேயே நீர்ப்பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. ஜேர்மனியின் பிரண்டன்பேர்க் மாநிலத்தில், வான்கப்பல் கட்டுவதற்கென எழுப்பப்பட்டு, அந்நிறுவனம் 2002 ஆம் ஆண்டில் நொடித்துப் போனமையால் வெறுமையாகிய 107 மீற்றர் உயரமான மண்டபம், 2004 ஆம் ஆண்டில் வெப்பவலயத் தீவு போன்ற உல்லாசத் தலமாக மாற்றப்பட்டது. எனினும், விடுதியையும் நீர்ப்பூங்காவையும் ஒன்றிணைத்து, குடும்பங்களை இரண்டொரு இரவுகள் தங்க வைக்கும் வணிக முறை வேரூன்றி வளர்ந்த இடம் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள விஸ்கொன்சின் டெல்ஸ் என்னும் சிறுநகரமேயாகும்.

ஆற்றங்கரை மணற்பாறைக் குன்றுகளின் எழிலால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே உல்லாசப் பயணிகளை ஈர்த்து வந்த அந்நகருக்கு ஒரு பெருங்குறை இருந்தது. மே மாத இறுதியில் தொடங்கும் பருவகாலம் செப்டெம்பர் மாத ஆரம்பத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறையுடன் முடிவடைந்துவிடும். எஞ்சிய மாதங்களில் விடுதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. 1994 ஆம் ஆண்டில் பொலினீசியன் என்னும் விடுதி தனது நீர் விளையாட்டுப் பகுதியைக் கூரையின் கீழ் கொண்டு வந்தபோது, குளிர்காலத்திலும் அறைகள் நிரம்பும் என்பது நிரூபணமாயிற்று. 1997 இல் பிளக் வுல்ஃப் லொட்ஜ் என்ற பெயரில் அங்கு தோன்றிய விடுதியே பின்னர் கைமாறி, கிரேட் வுல்ஃப் லொட்ஜ் எனப் பெயர் பெற்று வட அமெரிக்கா எங்கும் கிளை பரப்பியது. 2000 ஆம் ஆண்டில் அதே நகரில் ஆரம்பமான கலஹாரி விடுதி, 2005 இல் ஒஹாயோவிலும் 2015 இல் பென்சில்வேனியாவிலும் 2020 இல் டெக்சாஸிலும் கால்பதித்தது.

இவ்விடுதிகளின் வருமான முறை எளிமையானது. பல விடுதிகளில் நீர்ப்பூங்காவுக்கான அனுமதி அறை வாடகையுடன் சேர்ந்தே வருகின்றது. விருந்தினரின் கைகளில் நீர் புகாத பட்டியொன்று கட்டப்படுகின்றது. அதுவே நுழைவுச் சீட்டாகவும், பல இடங்களில் அறைத் திறப்பாகவும் பணப்பையாகவும் பயன்படுகின்றது. பணத்தாளை எண்ணிக் கொடுக்கும்போது உண்டாகும் தயக்கம் கைப்பட்டியை நீட்டும்போது உண்டாவதில்லை. உணவு, சிற்றுண்டி, விளையாட்டுப் பொறிகள், பிள்ளைகளுக்கான மாயக்கோல் போன்ற பொருட்கள் என்பனவற்றால் செலவு அறை வாடகையைத் தாண்டிச் செல்வதற்கு அதிக நேரம் எடுக்காது. விளம்பரத்தில் ஒரு விலையைக் காட்டி, இறுதியில் விடுதிக் கட்டணம் என்ற பெயரில் மேலதிகத் தொகையைச் சேர்க்கும் வழக்கத்துக்கு எதிராக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு கொண்டுவந்த விதி, 2025 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பது அவ்விதியின் சாரமாகும்.

இனி, பணியாளர் பக்கத்தை நோக்குவோம். வரவேற்பாளர், சமையலாளர், அறைகளைச் சுத்தம் செய்வோர், இயந்திரப் பராமரிப்பாளர் எனப் பலதரப்பட்டோர் இவ்விடுதிகளில் கடமையாற்றுகின்றனர். இவர்களுள் நீரருகே நிற்கும் உயிர்காப்பாளரே மிகப் பாரதூரமான பொறுப்பைச் சுமப்பவர்கள். இவர்களுள் பலர் பாடசாலை மாணவர் அல்லது பல்கலைக்கழக மாணவர் ஆவர். அமெரிக்க மத்திய தொழிற் சட்டத்தின்படி, உரிய பயிற்சிச் சான்றிதழ் பெற்ற 15 வயதினரும் நீர்ப்பூங்காவில் உயிர்காப்பாளராகப் பணியாற்றலாம். ஆயினும், உயர்ந்த சறுக்கின் உச்சியில் நின்று ஒருவர் பின் ஒருவராக ஆட்களை அனுப்பும் பணிக்கு 16 வயது நிறைவடைந்திருக்க வேண்டும்.

நீரில் மூழ்கும் ஒருவர் கைகளை ஆட்டிக் கூக்குரலிடுவார் என்றே நாம் கருதுகின்றோம். நிலைமை பெரும்பாலும் அவ்வாறன்று. மூச்செடுக்கத் திணறுபவருக்குக் குரலெழுப்ப இயலாது. சிறு பிள்ளையொன்று ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில், பக்கத்தில் நிற்பவர் அறியாவண்ணம், நீருக்குள் அமிழ்ந்துவிடலாம். இதன் காரணமாகவே தமக்கு ஒதுக்கப்பட்ட பகுதி முழுவதையும் 10 செக்கன்களுக்குள் கண்களால் துழாவ வேண்டும், ஆபத்திலிருப்பவரை அடுத்த 20 செக்கன்களுக்குள் சென்றடைய வேண்டும் என்ற நியதி உயிர்காப்பாளர் பலருக்குப் பயிற்றப்படுகின்றது. அலைத்தடாகத்தின் இரைச்சலுக்கும், தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான கலன் நீரைக் கவிழ்க்கும் பெருவாளியின் ஆரவாரத்துக்கும், நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கூச்சலுக்கும் மத்தியில் இந்நியதியைக் கடைப்பிடிப்பது கண்ணுக்கும் மனதுக்கும் கடும் உழைப்பாகும். ஆகையால் குறுகிய இடைவெளிகளில் அவர்களை இடம் மாற்றி நிறுத்துவது வழக்கமாகவுள்ளது.

சில ஆயிரம் பேரே நிரந்தரமாக வசிக்கும் விஸ்கொன்சின் டெல்ஸ் போன்ற சிறுநகரங்களில் இத்தனை விடுதிகளுக்கும் வேண்டிய ஆட்கள் கிடைப்பதில்லை. எனவே, கோடைகால வேலை மற்றும் பயணத் திட்டம் எனப்படும் ஜே-1 விசா ஏற்பாட்டின் கீழ் வெளிநாட்டு மாணவர்கள் அங்கு வரவழைக்கப்படுகின்றனர். தமது நாட்டுப் பல்கலைக்கழக விடுமுறையில் அதிகபட்சம் நான்கு மாதங்கள் வரை அவர்கள் பணியாற்றலாம். கலாசாரப் பரிமாற்றம் என்பதே இத்திட்டத்தின் நோக்கம் என அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் கூறுகின்றது. பயணச் செலவையும் முகவர் கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்திவிட்டு வரும் மாணவருக்கோ, செலவிட்ட தொகையை மீட்டெடுப்பதே முதற் கவலையாக அமைந்துவிடுவதுண்டு. 2011 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில் சொக்கலேட் பொதியிடும் களஞ்சியமொன்றில் இத்திட்டத்தின் கீழ் வேலைசெய்த மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டதை அடுத்து, 2012 இல் விதிகள் இறுக்கப்பட்டன. களஞ்சிய வேலைகளும், பெரும்பகுதி இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் அமையும் வேலைகளும் அவர்களுக்குத் தடைசெய்யப்பட்டன. ஊதியத்தைப் பொறுத்தவரை, 2009 ஜூலையில் மணிக்கு 7.25 டொலராக நிர்ணயிக்கப்பட்ட மத்திய அரசின் ஆகக்குறைந்த கூலி இன்றளவும் உயர்த்தப்படவில்லை. விஸ்கொன்சின் மாநிலத்தின் ஆகக்குறைந்த கூலியும் அதுவே.

ஊதியமும் விசாவும் கண்ணுக்குத் தெரியும் விடயங்கள். கண்ணுக்குத் தெரியாத விடயம் காற்றாகும். நீச்சல் தடாகத்தை நெருங்கியதும் மூக்கைத் துளைக்கும் வாடையைக் குளோரினின் மணம் என்றும், அது நீரின் தூய்மைக்குச் சான்று என்றும் பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. நீரிலுள்ள குளோரின், மனித உடலிலிருந்து கலக்கும் வியர்வை, சிறுநீர், தோலின் அழுக்கு என்பனவற்றிலுள்ள நைதரசன் சேர்வைகளுடன் தாக்கமுறும்போது குளோரமைன்கள் உண்டாகின்றன. இவற்றுள் ட்ரைகுளோரமைன் நீரில் இலகுவில் தங்காது, ஆவியாகிக் காற்றில் கலப்பது. கண்ணையும் தொண்டையையும் உறுத்துவதும் மூச்சுக்குழாய்களைத் தாக்குவதும் அதுவே. வாடை கடுமையாக இருக்குமாயின் அத்தடாகத்தில் அழுக்கு மிகுந்துள்ளது, காற்றோட்டம் போதாதுள்ளது என்பதே அதன் பொருளாகும்.

சாதாரண நீச்சல் தடாகத்தைக் காட்டிலும் உள்ளக நீர்ப்பூங்காவில் இப்பிரச்சினை கடுமையானது. அங்கு நீர் அமைதியாகக் கிடப்பதில்லை. சறுக்குகளிலும் பீச்சுக் குழாய்களிலும் வாளிகளிலும் சிதறும் ஒவ்வொரு துளியும் தன்னிலுள்ள வாயுவைக் காற்றில் விடுகின்றது. அவ்வாயு காற்றைவிடப் பாரமானதாகையால் நீர்மட்டத்தையொட்டி, அதாவது குளிப்போரும் உயிர்காப்பாளரும் மூச்செடுக்கும் உயரத்தில், தேங்கி நிற்கின்றது. கூரையருகே பொருத்தப்பட்ட காற்று வெளியேற்றிகள் மட்டும் அதனை முற்றாக அகற்றிவிடுவதில்லை. இதற்கு மேலாகச் செலவுப் பிரச்சினையும் உண்டு. உறைநிலைக்குக் கீழ்ப்பட்ட வெளிக்காற்றை உள்ளே எடுத்து 29 பாகைக்குச் சூடாக்குவதற்குப் பெருந்தொகை எரிபொருள் தேவைப்படுகின்றது. ஆகவே உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுழலவிடும் ஆசை நிர்வாகிகளுக்கு எழுகின்றது. விடுமுறைக் கூட்டம் நிரம்பி வழியும் குளிர்காலத்தில்தான் புதிய காற்றுக்கு அதிக விலை கொடுக்க வேண்டியுள்ளது என்பது இங்குள்ள முரண்பாடாகும்.

இது வெறும் ஊகமன்று. 2007 ஜனவரி முதல் மார்ச் வரையான மூன்று மாதங்களில், ஒஹாயோ மாநிலத்திலுள்ள உள்ளக நீர்ப்பூங்கா விடுதியொன்றில் கண்ணெரிவும் இருமலும் ஏற்பட்டதாக விருந்தினரிடமும் உயிர்காப்பாளரிடமும் இருந்து 665 முறைப்பாடுகள் உள்ளூர்ச் சுகாதாரப் பிரிவுக்குக் கிடைத்தன. வழமையான பரிசோதனைகளால் காரணத்தைக் கண்டறிய இயலாத நிலையில், தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத்துக்கான அமெரிக்க தேசிய நிறுவகத்தின் உதவி நாடப்பட்டது. நீருக்கு அப்பால் பணிபுரிந்த ஏனைய ஊழியர்களை விட உயிர்காப்பாளரே இவ்வறிகுறிகளால் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தனர் என்பதும், விடுதியில் விருந்தினர் நிரம்பிய நாட்களில் அவர்களின் உபாதைகள் கூடின என்பதும் ஆய்வில் தெரியவந்தன. உறுத்தலை உண்டாக்கக்கூடிய அளவில் ட்ரைகுளோரமைன் காற்றில் காணப்பட்டது. நீர்க்கரை மட்டத்தில் அதனை அகற்றுவதற்குக் காற்றோட்டம் போதாமல் இருந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதினர்.

இதற்கு முன்னரே, 2002 ஆம் ஆண்டில், உள்ளக நீச்சல் தடாகங்களில் பணிபுரிந்தோருக்குக் குளோரமைன்களால் தொழில்சார் ஆஸ்துமா ஏற்பட்டதை பிரித்தானிய மருத்துவர்கள் மருத்துவ சஞ்சிகையொன்றில் பதிவு செய்திருந்தனர். தடாகக் காற்றில் ட்ரைகுளோரமைன் ஒரு கன மீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2006 இல் தற்காலிக வழிகாட்டல் அளவொன்றை முன்வைத்தது. அமெரிக்காவிலோ தொழிலிடங்களில் இவ்வாயுவுக்கெனச் சட்டபூர்வமான எல்லை எதுவும் விதிக்கப்படவில்லை. 2014 இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் வெளியிட்ட நீர் விளையாட்டிட மாதிரிச் சுகாதாரக் கோவையும் மாநிலங்கள் விரும்பினால் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றேயன்றிக் கட்டாயமானதன்று.

பரிகாரம் இல்லாத பிரச்சினையுமன்று இது. புதிய காற்றை உரிய அளவு உட்செலுத்தி, பழைய காற்றை நீர்மட்டத்தருகே உறிஞ்சி வெளியேற்றும் அமைப்புகள் உள்ளன. நீரைப் புறஊதாக் கதிரின் ஊடாகச் செலுத்தினால் குளோரமைன்கள் சிதைவதுடன், குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிர்வாழக்கூடிய கிரிப்டோஸ்போரிடியம் என்னும் வயிற்றோட்டக் கிருமியும் செயலிழக்கின்றது. இவற்றுக்குச் செலவாகும் தொகையை நிர்வாகங்கள் ஆடம்பரமாகக் கருதாது, தமது ஊழியருக்குச் செலுத்த வேண்டிய கடனாகக் கருதுதல் வேண்டும். இருமலோடு பணிக்கு வரும் 17 வயது மாணவரும், நான்கு மாத விசாவில் வந்த வெளிநாட்டவரும் முறைப்பாடு செய்யத் தயங்குவர் என்பதால், அளவீடுகளை மேற்கொள்ளும் பொறுப்பை அவர்களின் முறைப்பாட்டுக்காகக் காத்திராமல் நிர்வாகமே ஏற்க வேண்டும்.

விருந்தினரின் பங்கு இதனிலும் எளிது, செலவும் இல்லாதது. நீரில் இறங்குமுன் ஒரு நிமிடம் உடலைக் கழுவினாலே குளோரினுடன் தாக்கமுறும் அழுக்கின் பெரும்பகுதி நீங்கிவிடும். பிள்ளைகளை மணிக்கொரு தடவை மலசலகூடத்துக்கு அழைத்துச் செல்லுதலும், வயிற்றோட்டம் கண்ட பிள்ளையை நீரில் இறக்காதிருத்தலும் அவசியம். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கி அணிவித்து, கையெட்டும் தூரத்தில் பெற்றோர் நிற்பதும் உயிர்காப்பாளரின் பாரத்தைக் குறைக்கும். குடும்பத்தினர் இரண்டு நாட்களில் வீடு திரும்பி விடுவர். கண்ணெரிவும் அத்தோடு மறைந்துவிடும். அவர்கள் விட்டுச்சென்ற காற்றை மறுநாளும் அதற்கு மறுநாளும் சுவாசிப்பவர், அவர்களது பிள்ளைகளைக் கண்ணிமைக்காது காத்து நின்ற அதே இளைஞரே. அவருக்காக அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுவது விருந்தினராகச் செல்லும் எவருக்கும் உரிய கடப்பாடாகும்.