சிக்கெடுக்கும் வேலை இனி இல்லை!

ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் பெரியாழ்வார் துளசிக்கு நீர் வார்த்த காலத்தில் ரப்பர் குழாய் ஏது? நம் வீட்டில் இருக்கிறது. இருந்தும் என்ன பயன்? மல்லிகைக்குத் தண்ணீர் விடலாமென்று இழுத்தால், முறுக்கிக்கொண்டு, மடிப்பு விழுந்து, தண்ணீரை நிறுத்திவிடுகிறது! தண்ணீர் வருகிற கொஞ்ச நேரமும் சிக்கெடுப்பதிலேயே போனால் செடியின் கதி என்ன? மடிப்பு விழுந்த இடம் நாளடைவில் வெடித்தும் போகும்.

குற்றம் குழாயின்மேல் இல்லை, சுருட்டும் முறையில்தான்.

பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் 1936-ல் நூற்பாலை வந்தது. நூற்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: முறுக்கு குறைந்தால் இழை அறும், மிஞ்சினால் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சுருளும். குழாயும் அப்படித்தான். ஒரே பக்கமாகச் சுற்றினால் வளையத்துக்கு ஒரு முறுக்கு ஏறும். பத்து வளையம், பத்து முறுக்கு!

வழி சுலபம். முதலில் குழாயிலுள்ள தண்ணீரை வடித்துவிடுங்கள். பிறகு, திருகுகுழாயில் மாட்டும் முனையிலிருந்து தொடங்கி, தரையில் 8 எழுதுவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போங்கள். ஒரு வளைவில் ஏறும் முறுக்கு மறு வளைவில் இறங்கிவிடும். தண்ணீர் பீய்ச்சும் முனை மேலே நிற்கும். மறுநாள் அதைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று வரும்.

ஆணியில் மாட்டாதீர்கள்; அங்கேயே மடியும். ஓட்டை வாளியொன்றைச் சுவரில் படுக்கவைத்துப் பொருத்தி, அதன்மேல் தொங்கவிடுங்கள். வெயில் படாத சுவராக இருக்கட்டும். வெயில் பட்டால் ரப்பர் விறைத்து வெடிக்கும்.

இன்று சாயங்காலமே செய்து பாருங்களேன்!