ஆயாவின் நடையைக் கைபேசி எப்படி அளக்கிறது?

ஒரகடம்–ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பேத்திக்கு வீட்டில் ஓர் ஆயா இருப்பார். “முன்ன மாதிரி நடக்க முடியல கண்ணு” என்பார். அந்த ‘முன்ன மாதிரி’யை அளக்கும் கருவி பேத்தியின் கையிலேயே இருக்கிறது. அடுப்படியில் நின்று அதைப் புரிந்துகொள்வோம்.

மருத்துவர்களிடம் எளிய சோதனை ஒன்று உண்டு. போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் இருவரும் 1991-ல் வெளியிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். ஆனால் ஸ்டாப்வாட்ச் மொத்த நேரத்தை மட்டுமே சொல்லும். “குழம்பு சரியில்லை” என்பதைப் போல. உப்பா, புளியா என்று கண்டுபிடிக்க உணரிகள் வேண்டும்.

அலம்பும் ரசம்

அரைக் குண்டான் ரசத்தைத் தூக்கிக்கொண்டு நடங்கள். கிளம்பும்போது ரசம் பின்பக்கம் ஏறும். சட்டென நின்றால் முன்பக்கம் பாயும். ரசத்தை மட்டும் பார்த்தே ஆள் எப்போது கிளம்பினார், எப்போது நின்றார் என்று சொல்லிவிடலாம். போனுக்குள் இருக்கும் முடுக்கமானி செய்வதும் இதுதான். ரசத்துக்குப் பதில், கடுகைவிடச் சிறிய சிலிக்கான் துண்டு மெல்லிய வில்களில் தொங்குகிறது. அதன் ஓரத்துச் சீப்புப் பற்களுக்கும் எதிரே அசையாமல் நிற்கும் பற்களுக்கும் உள்ள இடைவெளி மாறினால் மின்தேக்கம் மாறும். மூன்று திசைகளிலும், விநாடிக்குச் சுமார் 100 முறை இது பதிவாகிறது.

திரும்பும் சல்லடை

ரவையை முன்னும் பின்னுமாகச் சலித்துக்கொண்டே உடம்பைச் சட்டெனத் திருப்பினால், சல்லடை பக்கவாட்டில் இழுக்கும். போனின் இன்னோர் உணரியான சுழல்மானிக்குள் ஒரு நுண்துண்டு ஓயாமல் அப்படி அதிர்கிறது. ஆயா திரும்பும்போது அது பக்கம் ஒதுங்கும். எவ்வளவு வேகமாகத் திரும்பினார் என்று தெரியும். விலை குறைந்த சில போன்களில் இந்த உணரி இருக்காது.

பாத்திர எடையும் முறமும்

நெய் நிறுக்கும்போது பாத்திர எடையைக் கழிப்போம். அதுபோல எப்போதும் இருக்கும் புவியீர்ப்பை முதலில் கழிக்க வேண்டும். பிறகு முறத்தில் புடைத்து உமியைத் தள்ளுவதுபோல, போன் தனியே ஆடிய ஆட்டத்தைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். உமி குறைய வேண்டுமானால், ஆயா சுருக்குப்பை செருகும் இடுப்பிலேயே போனைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள்.

இரட்டை உலக்கை

ஒரே உரலில் இருவர் மாற்றி மாற்றிக் குத்தினால் சத்தம் சீராக விழும். ஒருவர் சோர்ந்தால், பார்க்காமலே காதுக்குத் தெரியும். இடது காலும் வலது காலும் அந்த இரண்டு உலக்கைகள். அடிக்கு அடி நேரம் அதிகம் மாறும் முதியவர்களே பின்னர் அதிகம் விழுந்தார்கள் என்று ஹவுஸ்டார்ஃப் குழுவினர் 2001-ல் காட்டினர்.

இலைக்கு வரும்போது

இரண்டு ஆயாக்களுக்கும் 14 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் எழுவதற்கே திணறுகிறார்: தொடைக்கு வலு வேண்டும். இன்னொருவர் திரும்பும்போது சிறுசிறு அடியாக வைக்கிறார்: சமநிலைப் பயிற்சி வேண்டும். மொத்தம் ஒன்று, மருந்து வேறு.

ஐபோன் 2021 முதல் நடையின் உறுதியைத் தானாகவே மதிப்பிடுகிறது. அதற்கு நடக்கும்போது போன் இடுப்பருகே இருக்க வேண்டும். ஆயாவின் சேலையில் பாக்கெட் இல்லை. இருக்கும் போனும் பெரும்பாலும் அலமாரியில் கிடக்கிறது. அதனால் பேத்திதான் நேரம் ஒதுக்கி அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை, அதே நாற்காலி, அதே 3 மீட்டர், கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் துணை. ஆயாவை அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிட வேண்டாம். போன மாத ஆயாவோடு ஒப்பிடுங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். அவரிடம் “ஆயாவுக்கு நடக்க முடியல” என்பதோடு நிறுத்தாமல், “எழும்போதுதான் நேரம் கூடியிருக்கு” என்று சொல்லுங்கள். எந்தப் பயிற்சியில் தொடங்குவது என்று அவர் யோசிக்க அது உதவும்.