எண்ணும் கல்லும்: வை. கணபதி ஸ்தபதியின் கட்டடப் பணி

முன்னுரை

கோயில் கட்டுவோரை ஸ்தபதி என்றும், பொதுக் கட்டடங்களை வடிவமைப்போரைக் கட்டடக்கலைஞர் என்றும் பிரித்துக் காண்பது இன்றைய வழக்கம். இப்பாகுபாடு முற்றிலும் பொருந்தாது என்பதற்கு வை. கணபதி ஸ்தபதியின் (1927–2011) பணி தக்க சான்றாகும். பிள்ளையார்பட்டிச் சிற்பியர் குடும்பத்தில் பிறந்த அவர், மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தியவர். சிற்ப மரபின் அளவுக் கொள்கையை அவர் பொதுக் கட்டடங்களுக்கு எவ்வாறு கொணர்ந்தார் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அளவும் பொருளும்

படிமக்கலையில் முகத்தின் நீளமே 'தாளம்' என்னும் அலகாகும். ஏனைய உறுப்புகள் அதன் மடங்குகளாகவும் பகுதிகளாகவும் அமையும். எனவே, வடிவம் தோன்றுமுன்பே அதன் எண் முடிவாகிவிடுகிறது. இவ்வெண்ணுக்குப் பொருள் கற்பிப்பதே ஸ்தபதியின் தனித்திறன் எனலாம்.

வள்ளுவர் கோட்டம்

சென்னையில் 1976-இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டத்தின் தேர், திருவாரூர்த் தேரை முன்மாதிரியாகக் கொண்டது. இங்கு 1330 குறட்பாக்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்த முதல்வர் மு. கருணாநிதியின் ஆட்சியில் உருப்பெற்ற நினைவகம் கோயில் தேரின் வடிவை ஏற்றது சிந்தனைக்குரியது. சமய வடிவம் பொது நினைவகத்திற்குப் பொருந்துமா என்னும் வினா இங்கு எழுகிறது. தேர் என்பது ஊர் கூடி இழுப்பது. வழிபாடு நீங்கிய இடத்திலும் அதன் பொதுமை எஞ்சி நிற்கிறது என்பதே இவ்வினாவுக்குரிய விடையாகத் தோன்றுகிறது. எனினும், இங்குக் குறளின் எண்ணிக்கை சுவரில் எழுத்தாகவே நிற்கிறது. கட்டடத்தின் அளவாக மாறவில்லை.

குமரிமுனைச் சிலை

அம்மாற்றம் 2000 சனவரி 1-இல் திறக்கப்பெற்ற குமரிமுனைச் சிலையில் நிகழ்ந்தது. அதன் மொத்த உயரமாகிய 133 அடி, குறளின் அதிகாரத் தொகையைக் குறிக்கும். 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும், 95 அடிச் சிலை பொருட்பாலின் 70, காமத்துப்பாலின் 25 ஆகியவற்றின் கூட்டுத்தொகையையும் சுட்டும். அறமாகிய அடித்தளத்தின்மீதே பொருளும் இன்பமும் நிற்றல் வேண்டும் என்னும் கருத்து இவ்வாறு கல்லில் அமைகிறது. மேலும், இஃது ஒரே பாறையில் செதுக்கப்பட்டதன்று. கற்களை அடுக்கி, உள்ளே வெற்றிடம் விட்டு எழுப்பப்பட்டது. ஆதலின், இதனைச் சிலையாக மட்டுமன்றிக் கட்டடமாகவும் கருத வேண்டும். 2004 ஆழிப்பேரலையின் தாக்குதலையும் இது தாங்கி நின்றது.

அயலகப் பணி

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் அவர் வடிவமைத்த இறைவன் கோயிலுக்குரிய கற்கள் பெங்களூருக்கு அருகில் கையால் செதுக்கப்பட்டுக் கடல் கடந்தன. இரும்பு காலப்போக்கில் துருப்பிடிக்கும் என்பதால், 1999-இல் அதன் அடித்தளம் இரும்புக் கம்பியின்றி, நிலக்கரிச் சாம்பல் கலந்த கற்காரையால் இடப்பட்டது. மரபின் தேவைக்கு இன்றைய பொறியியல் துணைநின்றமைக்கு இஃது எடுத்துக்காட்டாகும். அவர் மறைவுக்குப் பின், 2023-இல் அக்கோயில் குடமுழுக்குக் கண்டது.

முடிவுரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கோயில் திருப்பணிகளுக்குத் தமிழகச் சிற்பியரை வரவழைப்பது வழக்கம். அவர்களிடம் செலவையும் காலத்தையும் வினவும் நாம், அளவின் பொருளையும் வினவுதல் வேண்டும். வினவாதவிடத்து வடிவம் மட்டும் எஞ்சும். அதனைத் தோற்றுவித்த அறிவு நம்மிடம் தங்காது. குறள் கற்பிக்கும் ஆசிரியர்கள் 38, 70, 25 என்னும் எண்களைக் குமரிச் சிலையின் படத்தோடு இணைத்துக் காட்டின், நூலின் அமைப்பும் கட்டடத்தின் அமைப்பும் மாணவர்க்கு ஒருங்கே விளங்கும்.